இரண்டு புள்ளி ஒன்று ஏழில் நின்றவர்

மே 4, திங்கள்

இன்று முதல் நடப்பதை உள்ளது உள்ளபடி எழுதுவேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், மழுப்ப மாட்டேன். போன வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் நான் எல்லா நாளும் நல்ல பெண்ணாக இருந்திருக்கிறேன். அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆகவே இந்த முறை உண்மை மட்டும்.

முதல் உண்மை: விடுமுறையில் என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா சொன்னது என் பாதுகாப்புக்காக இல்லை, வீட்டின் பாதுகாப்புக்காக. சென்ற வாரம் படித்துக்கொண்டே பாலை அடுப்பில் மறந்து, பாத்திரத்தைக் கரியாக்கிவிட்டேன். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த நேரம் எந்தக் கட்டடத்தின் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. மீதி இருப்பது அக்கா. அவள் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள்.

"லேபுக்கு இவளையா? அங்க வந்து என்ன பண்ணுவா?" என்றாள் அக்கா.

"ஒரு புத்தகத்தைக் குடுத்து மூலையில உக்கார வச்சிடு. சாயங்காலம் போய்ப் பாத்தா அதே மூலையில இருப்பா. நாற்காலி மாதிரி," என்றார் அப்பா.

அக்கா என்னைப் 'புழு' என்று கூப்பிடுவாள். புத்தகப்புழுவின் சுருக்கம். வெளியாட்கள் முன்னால் கூப்பிடக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம் இருக்கிறது. யாரும் மதிப்பதில்லை.

மே 5, செவ்வாய்

அக்கா லேபின் என்.எம்.ஆர். அறையைப் பார்த்துவிட்டேன்! காந்தத்தை வைத்து மூலக்கூறுகளை ஆராயும் இயந்திரம் இருக்கும் அறை.

உள்ளே ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெள்ளி நிற உருளை, மூன்று கால்களில் நிற்கிறது. பெரிய பால் கேனுக்குக் கால் முளைத்தது போல. அதற்குள் காந்தம். சாதாரணக் காந்தம் இல்லை; திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்கும் காந்தம். சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு. நான் ஆர்வமாகக் கோட்டைத் தாண்டப்போனேன். ஒரு கை என் பின்னலைப் பிடித்து இழுத்தது.

"கிளிப் போட்டிருக்கியா? கழட்டு. வாட்ச்? கழட்டு. பையில என்ன, காம்பஸ் டப்பாவா? விடுமுறையில எதுக்கும்மா காம்பஸ் டப்பா?"

"தேவைப்படலாம்னு..."

"இதுக்குள்ள போச்சுன்னா உன் காம்பஸ் என் காந்தத்துக்குத்தான். திரும்பி வராது."

இவர்தான் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். எல்லோரும் 'காந்தம் மேடம்' என்கிறார்கள். அவர் கையெழுத்தே அப்படித்தான் போடுகிறாரோ என்று சந்தேகம். கிளிப் இல்லாமல் நாள் முழுக்க முடி கண்ணில் விழுந்தது. பரவாயில்லை. அறிவியலுக்காக.

மே 6, புதன்

அக்காவிடம் விடாமல் கேட்டு நான் புரிந்துகொண்டது:

ஒரு பொருளைக் கரைத்து, பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடி ட்யூபில் ஊற்றி, காந்தத்துக்குள் இறக்குகிறார்கள். ரேடியோ அலையால் ஒரு தட்டு. உடனே அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் பதில் சொல்கின்றன. எல்லாம் ஒரே குரலில் இல்லை. யார் பக்கத்தில் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். அந்தப் பதில்கள் தாளில் கோடுகளாக எழும்பி நிற்கும். அதுதான் ஸ்பெக்ட்ரம். கோடு நிற்கும் இடம் முகவரி. கோட்டின் பரப்பு, அந்த வீட்டில் எத்தனை பேர் என்பது. கோடு எத்தனையாகப் பிளந்திருக்கிறது என்பது, பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்பது (ஆள் கணக்கைவிட ஒன்று கூடுதலாகப் பிளக்கும்). கண்ணுக்கே தெரியாத ஒன்றின் வீட்டுக்குள் போகாமலே குடும்பக் கணக்கு எடுத்துவிடுகிறார்கள். இதை ஏன் பள்ளியில் முதல் பாடமாக வைக்கவில்லை?

அக்காவின் பொருள் பல படிகளில் கட்டிய ஒரு மூலக்கூறு. கடைசிப் படி மட்டும் பாக்கி. அதிலுள்ள ஒரு நைட்ரஜனோடு, மூன்று ஹைட்ரஜன் கொண்ட சின்னக் கூட்டம் ஒன்றை ஒட்ட வேண்டும். சுலபமான வேலைதானாம், வேறு எங்காவது என்றால். இங்கே அந்த நைட்ரஜனின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய கூட்டங்கள் அடியாட்கள் மாதிரி நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடுவதில்லை. அக்கா எத்தனையோ தடவை முயன்றுவிட்டாள்.

ஒட்டியதா என்று தெரிய ஒரே வழி: ஸ்பெக்ட்ரத்தில் இரண்டு புள்ளி ஒன்று ஏழு என்ற முகவரிக்குப் பக்கத்தில் பிளவில்லாத ஒரு கோடு வர வேண்டும். பரப்பு மூன்று.

22ஆம் தேதி குழுக் கூட்டம். அதற்குள் கோடு வரவில்லை என்றால் இந்த மூலக்கூறைக் கைவிட்டுவிட்டு வேறு வேலை தொடங்க வேண்டும் என்று அவளுடைய சார் சொல்லிவிட்டார். சாருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூட, "பார்க்கலாம்" என்பார்.

"கைவிட்டா என்னக்கா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருஷம் கழுவின பாத்திரம்தான் மிச்சம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நகத்தைக் கடித்தாள்.

மே 7, வியாழன்

கோடு வரவில்லை. அக்கா இரவு சாதத்தைப் பிசைந்துவிட்டுத் தட்டோடு எழுந்துவிட்டாள். அப்பாகூட ஜோக் அடிக்கவில்லை.

மே 8, வெள்ளி

எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்பெக்ட்ரம் வரைந்தேன். அப்பா: உயரமான ஒற்றைக் கோடு. எப்போது பார்த்தாலும் அதே இடம். அம்மா: எட்டாகப் பிளந்த கோடு, ஏனென்றால் சுற்றியுள்ள ஏழு வீட்டோடும் பேச்சு. அக்கா: அகலமான மேடு. இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம், கூப்பிட்டால் காணாமல் போகும். நான்: தரையோடு தரையாக இரைச்சல்.

அக்காவிடம் காட்டினேன். பென்சிலை வாங்கித் திருத்தினாள்.

"நீ இரைச்சல் இல்ல, புழு. நீ மாசு. எதைக் கழுவினாலும் போகாம ஓரமா நிக்குமே, அது."

நிஜமாகவே சிரித்துவிட்டாள்! ஐந்து நாளில் முதல் முறை.

மே 12, செவ்வாய்

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது!

நிதானமாக எழுதுகிறேன். மதியம் யாரோ தங்கள் முறையை விட்டுக்கொடுத்ததால் இயந்திரம் திடீரென்று காலியானது. அக்காவின் புது சாம்பிள் தயார், ஆனால் காய்ந்த ட்யூப் ஒன்றுகூட இல்லை. ஒரு ட்யூபை எடுத்து, அசிட்டோன் பாட்டிலைப் பீச்சி, கழுவி, காற்றில் இரண்டு உதறு உதறினாள். நகச்சாயம் அழிக்கும்போது வருமே, அந்த வாசனை. சாம்பிளை ஊற்றிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன், கிளிப் இல்லாமல். காந்தம் மேடம் உருளைக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தார். அறை முழுக்க வெண்புகை. அக்காவே சாம்பிளை இயந்திரத்தில் இறக்கி ஓட்டினாள்.

திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. இரண்டு புள்ளி ஒன்று ஏழில், நெட்டுக்குத்தாக, ஒன்று! அக்கா பரப்பைக் கணக்கிட்டாள். இரண்டு புள்ளி ஒன்பது. மூன்றேதான்!

அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அவளைவிட உயரம், அதனால் பாதிதான் தூக்க முடிந்தது. உடனே படத்தைச் சாருக்கு அனுப்பினாள். "நன்று. கூட்டத்தில் காட்டு," என்று பதில் வந்தது. 'பார்க்கலாம்' என்று வரவில்லை! அக்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

வீட்டில் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சந்தோஷப்பட்டாள். அப்பா மட்டும், "மாடி நம்பர் எரியுது, சரி. கதவு திறந்தப்புறம் சொல்லு," என்றார்.

"உங்களுக்கு எல்லாமே லிஃப்ட்தான்," என்றாள் அம்மா.

மே 13, புதன்

அம்மா மருத்துவமனைக்கு வந்த அத்தனை பேரிடமும், "எங்க பெரியவ உலகத்துல இல்லாத ஒண்ண உருவாக்கிட்டா," என்று சொல்லியிருக்கிறாள். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வெளியே வந்தவர்களையும் விடவில்லை. "எல்லாரும் தலையாட்டினாங்க," என்கிறாள். வேறு என்ன செய்ய முடியும் அவர்களால்?

மே 14, வியாழன்

அக்கா கூட்டத்துக்குப் படங்கள் தயாரிக்கிறாள். நான் காந்தம் மேடத்தின் அறை வாசலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவரிடம் கேட்டேன்: "மேடம், ஹைட்ரஜன் பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது. கூட வர்ற கூட்டம் சொல்லும். கல்யாண வீட்டுல கூப்பிடாம வந்து பந்தியில உக்காந்திருப்பாங்க பாரு, அது மாதிரி. தண்ணி வரும். குழாய் மூட்டுல தடவுற கிரீஸ் வரும். இருக்குறதுலயே பெரிய ஆளு அசிட்டோன். ட்யூபக் கழுவுறதே அதுலதானே? குழல் குறுகலு. வெளிய பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், அடியில ஒரு துளி ஒக்காந்திருக்கும். சரியா ரெண்டு புள்ளி ஒண்ணு ஏழுல தலையத் தூக்கும். பிளவே இருக்காது, நல்ல பிள்ளை மாதிரி."

என் புத்தகம் கீழே விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்து, "தூக்கமா?" என்றார்.

ஆமாம் என்றேன். அது பொய். எழுதிவிட்டேன்.

மே 15, வெள்ளி

இன்று சிறப்பு எதுவும் இல்லை.

(இதுவும் பொய். நாள் முழுக்கப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அக்கா பாட்டு முனகிக்கொண்டே கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறாள். அவள் பாடிக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது! இரண்டு உதறுதானே உதறினாள்? ஒருவேளை காய்ந்திருக்கலாம். அவள் இவ்வளவு படித்தவள், அவளுக்குத் தெரியாதா? சாருக்குத் தெரியாதா? சார் ஃபோனில், கட்டைவிரல் அளவுப் படத்தைத்தானே பார்த்தார்... நான் சொல்லாவிட்டால் கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். எல்லோர் முன்னாலும்.)

மே 16, சனி

சொல்லிவிட்டேன்.

எங்கள் அறையில் அக்கா மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் துணி மடிக்கிற மாதிரி அதே சட்டையை நாலு தடவை மடித்தேன்.

"அக்கா, அன்னிக்கு ட்யூப் காஞ்சிருந்துச்சா?"

"எந்த ட்யூப்?"

"நீ அசிட்டோன் ஊத்திக் கழுவிட்டு ரெண்டு உதறு உதறினியே. அது."

அவள் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. பிறகு திரும்பினாள்.

"நாலு புத்தகம் படிச்சிட்டா எனக்கே சொல்லித்தர வந்துடுவியா? நான் எத்தனை ஸ்பெக்ட்ரம் பாத்திருப்பேன் தெரியுமா? எனக்கு அசிட்டோன் தெரியாதா?"

"தெரியும்க்கா. அதான் கேக்கறேன்..."

"யாரு சொன்னா உனக்கு?"

"காந்தம் மேடம். பொதுவாத்தான் சொன்னாங்க."

"போச்சு! அவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டியா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான்."

கதவு பட்டென்று சாத்தப்பட்டது. சாத்திவிட்டு அவள் வெளியே போனாளா, என்னை வெளியே தள்ளினாளா என்று குழப்பம் வேண்டாம்: நான்தான் வெளியே இருக்கிறேன். இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னையே திட்டிக்கொள்கிறேன்: ஏன்டி சொன்னே? வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல? அவ எவ்வளவு சந்தோஷமா இருந்தா! மாசுன்னு சரியாத்தான் சொன்னா.

மே 17, ஞாயிறு

அக்கா என்னோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் லேபுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன செய்தாய் என்று அம்மா கேட்டதற்கு, "சாம்பிளை வேக்யூம் பம்ப்புல போட்டுட்டு வந்தேன். நல்லா காயட்டும்," என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மே 18, திங்கள்

காலையில் பேருந்தில் பக்கத்து இருக்கையைத் தட்டி, "உக்காரு," என்றாள். அவ்வளவுதான்.

காய்ந்த சாம்பிள். புது ட்யூப், உறையிலிருந்து அப்போதுதான் பிரித்தது. கிளிப்பைச் சொல்லாமலே கழற்றி வைத்தேன். திரையில் கோடுகள் எழும்பின. இரண்டு புள்ளி ஒன்று ஏழில் நெட்டுக்குத்தாக நின்றவரைக் காணவில்லை.

அக்கா அசையவில்லை. பிறகு திரைக்கு மிக அருகில் குனிந்தாள். அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

"புழு... இங்க பாரு."

அதே இடத்தில், ஒரு மயிரிழை தள்ளி, சின்னதாக ஒரு கோடு. நெட்டை ஆள் முன்னால் நின்றதால் இத்தனை நாள் மறைந்திருந்த குட்டை ஆள் மாதிரி. அக்கா பரப்பைக் கணக்கிட்டாள். ஒன்று.

"மூணு வரணும். ஒண்ணு வருது. அப்படின்னா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பாடம் கேட்கும் தொனியில் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

"மூணுல ஒரு பங்குதான் ஒட்டியிருக்கு. மீதி அப்படியே இருக்கு," என்றேன்.

"அன்னிக்கே மத்த கோடெல்லாம் கொஞ்சம் தடிப்பா இருந்துச்சு. நான் பாத்தேன், புழு. பாத்துட்டு, காந்தம் மேடம் காந்தத்தைச் சரியா டியூன் பண்ணலைன்னு அவங்க மேல பழியப் போட்டுட்டு விட்டுட்டேன். ரெண்டு பொருள் கலந்திருந்தா தடிப்பாத்தான் இருக்கும்." தலையில் கை வைத்துக்கொண்டாள். "எதிர்பார்த்த இடத்துல எதிர்பார்த்த ஆள் நின்னா, யாரு அடையாள அட்டை கேக்கறா?"

"என்ன என் மேல பழி?" என்று வாசலில் காந்தம் மேடம்.

இருவரும் ஒரே நேரத்தில், "ஒண்ணுமில்ல மேடம்," என்றோம். (இது பொய். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து சொன்னது.)

வீட்டில் அம்மா: "ஐயோ, இப்ப அத்தனை பேரையும் கூப்பிட்டு இல்லைன்னு சொல்லணுமா?"

அப்பா: "ஆறு மாசத்துல பல்லைச் சுத்தம் பண்ண வருவாங்கல்ல, அப்ப சொல்லிக்கலாம்."

மே 22, வெள்ளி

கூட்டத்துக்கு என்னை விடவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம். அக்காவைப் பார்த்தா சிரிக்கிறார்கள்?

அவள் வெளியே வந்து சொன்னது: இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் அடுத்தடுத்துக் காட்டினாளாம். "முதல் படத்துல நான் கொண்டாடினது அசிட்டோனை," என்று அவளே சொன்னாளாம். அப்போது பின்வரிசையிலிருந்து காந்தம் மேடம், "வாழ்க்கையில ஒரு தடவைகூட அசிட்டோனுக்குப் பொட்டு வச்சு உக்கார வைக்காதவங்க கையத் தூக்குங்க, பாப்போம்," என்றாராம். ஒரு கைகூட எழும்பவில்லை. சார் மேற்கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"அப்புறம்? மூலக்கூறு? கைவிடணுமா?"

"சார் என்ன சொன்னாரு தெரியுமா? 'மூணுல ஒண்ணு பூஜ்யம் இல்லையே. அடியாளுங்களைத் தாண்டி ஒருத்தன் உள்ள போயிருக்கான்னா, வழி இருக்கு. மூணு வாரம் எடுத்துக்கோ'ன்னாரு."

"பார்க்கலாம்னு சொல்லலையா?"

"சொல்லல. அப்புறம் தேநீர் வந்துச்சு, அதுக்குச் சொன்னாரு."

மே 29, வெள்ளி

அக்கா இப்போது சூட்டைக் கூட்டி, நேரத்தையும் நீட்டிச் செய்கிறாள். பிறகு வெள்ளை மணல் போன்ற பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாய் வழியாக ஊற்றி, ஒட்டியதையும் ஒட்டாததையும் பிரிக்க வேண்டும். எனக்கும் ஒரு பதவி கிடைத்திருக்கிறது: அவள் கழுவிக் கொடுக்கும் ட்யூப்களைப் படுக்கவைத்து, காய்ந்ததா என்று பார்த்து, பெட்டியில் அடுக்குவது. பெட்டி மேல் அக்கா ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: "காய்ந்தவை. சாட்சி: புழு." ஒப்பந்தம் மறுபடி மீறப்பட்டது. நான் புகார் செய்யவில்லை.

ஜூன் 1, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. விடுமுறையில் என்ன செய்தாய் என்று வகுப்பாசிரியை கேட்டார். "ட்யூப் காயவைத்தேன்," என்றேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. முழு உண்மையும் சொல்ல ஒரு பாடவேளை போதாது.

ஜூன் 13, சனி

அக்கா இன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமலே நேரே சாப்பாட்டு மேசைக்கு வந்து ஒரு தாளை விரித்து, பறக்காமல் இருக்கத் தண்ணீர் ஜாடியை ஓரத்தில் வைத்தாள்.

நான் என் அளவுகோலை எடுத்து வந்தேன். இரண்டு புள்ளி ஒன்று ஏழுக்கு ஒரு மயிரிழை தள்ளி, ஒரு கோடு. ஒல்லியாக, நேராக. மற்ற கோடுகளில் தடிப்பே இல்லை. கத்தியால் நறுக்கிய மாதிரி பிளவுகள். பரப்பு: மூன்று.

நான் வாய் திறப்பதற்குள் அவள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து முதல் தாளின் மேல் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"அதையே வேற கரைப்பான்ல போட்டு ஓட்டினது. இதுல அசிட்டோன் நிக்கிற இடம் வேற, நம்ம ஆளு நிக்கிற இடம் வேற. அசிட்டோன் இடத்தைப் பாரு. ஒண்ணுமே இல்ல. தரை."

"சார் கேட்டாரா?"

"சார் கேக்கல." ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். "நீ கேப்பேன்னுதான்."

நான் அளவுகோலை வைத்து மறுபடி பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஏன் குனிந்தேன் என்று எழுத வேண்டுமா? கண்ணில் தண்ணீர் வந்தது. எழுதிவிட்டேன்.

அப்பா வேலை முடிந்து கை கழுவிக்கொண்டே கேட்டார்: "கதவு திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சுப்பா," என்றாள் அக்கா.

அம்மா பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்று என்னைப் பார்த்தாள்: "இப்ப சொல்லலாமாடி?"

"சொல்லலாம்மா," என்றேன்.

இப்போது அக்கா தூங்குகிறாள். தாள் இரண்டும் தலையணைக்குப் பக்கத்தில். போர்வையைப் போர்த்திக்கொள்ளக்கூட இல்லை. இந்த அறையில் எப்போதும் எனக்குப் பிறகுதான் அவள் படுப்பாள். விளக்கை அணைப்பதும் அவள்தான். இன்று அந்த வேலை எனக்கு. அணைத்துவிட்டேன். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும். உள்ளது உள்ளபடி.